நடையாளர் ஒருவர்

"இந்தப் பொண்ணு இப்போ எங்க நடந்துக்கிட்டிருக்குன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் திருமூர்த்தி தன் செல்போனை மேஜையில் வைத்தார். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு கேமராவில் பதிந்த காட்சி அதில் ஓடியது. பச்சைச் சுடிதார், தோளில் ஒரு பை, கையில் வார் அறுந்த செருப்பு. வெறுங்காலோடு ஈர ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து, படத்தை விட்டு வெளியே போனாள் அந்தப் பெண்.

அமுதவல்லி காட்சியை ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. இடது காலை லேசாக இழுத்துத்தான் உள்ளே வந்திருந்தார்.

"இவர் நாச்சிமுத்து. மேட்டுப்பாளையத்துல உருளைக்கிழங்கு மண்டி. மிருதுளா இவருக்கு ஒரே பொண்ணு."

"வயசு?"

"இருபத்து மூணு."

"அப்ப மேஜர் சார்."

"மேஜர்தான். ஆனா காணோம்னு கம்ப்ளெயிண்ட் இருக்கே? மண்டியில லாரி ஓட்டின பையன், யோகராஜன்னு பேரு, அவன்கூட..." திருமூர்த்தி வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினார். மீதியைச் சொல்ல அவருக்கே விருப்பமில்லை போலிருந்தது.

அமுதவல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் டீக்கடை வாசலில் இரண்டு ஜீப்புகள். ஏழெட்டு ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் சேர்ந்து டீ குடிக்கும் இடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் கூட இல்லை. மீதி வாக்கியம் அவளுக்குப் புரிந்தது.

"இது நிலச்சரிவுக் கண்காணிப்பு மையம் சார். ஆள் தேடற இடம் இல்ல."

"ஆனா தேட முடியும், இல்லையா? ரோட்டுக்கு அடியில போகுற உங்க கேபிளு கால் சத்தம் கேக்குமாமே?"

மூலையில் சோல்டரிங் கம்பியோடு உட்கார்ந்திருந்த லாரன்ஸ் தலையைத் தூக்கினான். கேபிளை ஒட்டுவது, அறுந்தால் திட்டுவது, டீ போடுவது மூன்றும் அவன் வேலை. "கேக்கும் சார். கொட்டாவி விட்டாக்கூட கேக்கும். ஆனா யாரு விட்டதுன்னு சொல்லாது."

"லாரன்ஸ்..."

"சும்மா சொன்னேன் மேடம்."

அப்போதுதான் நாச்சிமுத்து வாயைத் திறந்தார். குரல் எதிர்பார்த்ததை விட மெல்லியதாக இருந்தது. "ஏனுங்க அம்மிணி, எனக்கு ஒண்ணும் புரியலைங்க. மண்ணுக்குள்ள கிடக்குற ஒயரு எப்படிங்க எம்புள்ளை நடக்குறதைக் கேக்கும்?"

கேட்டவர் யாராக இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. அமுதவல்லிக்கு நல்ல கேள்விகளைத் தட்டத் தெரியாது.

"அது ஒயர் இல்லைங்க, கண்ணாடி இழை. தலைமுடி அளவு. மேட்டுப்பாளையத்துல இருந்து மலை முழுக்க, எஸ்டேட் பாதைக்கெல்லாம் அடியில போகுது. உள்ளே லேசர் வெளிச்சம் ஓடிக்கிட்டே இருக்கும். மேல யாராவது கால் வச்சா மண்ணு அசையும், இழை துளியூண்டு நீளும். திரும்பி வர்ற வெளிச்சத்துல அது தெரியும்."

"அது சரிங்க. மலை சரியறதுக்கும் மனுசன் நடக்குறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சுவத்தைத் தட்டிப் பாத்தா உள்ள ஓதம் ஏறியிருக்கான்னு தெரியுமில்ல? மலையை நாங்க தினம் போய்த் தட்ட முடியாது. ஜனங்க நடக்குறதுதான் எங்களுக்குத் தட்டு. தினமும் அதே ஆள் அதே பாதையில நடந்தா, அந்தச் சத்தம் மண்ணுக்குள்ள எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாப்போம். இறுக்கமான மண்ணுல வேகமா ஓடும். தண்ணி ஊறி நெகிழ்ந்துட்டா தாமதமாகும். தாமதம் ஒரு அளவைத் தாண்டினா மலை கிளம்பப் போகுதுன்னு அர்த்தம்."

"அதே ஆள்னு தெரியணுமே?" என்றார் திருமூர்த்தி. இன்ஸ்பெக்டர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தெரியும்," என்றாள் அமுதவல்லி. பொய் சொல்லிப் பயனில்லை. "நடை ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. மெஷின் பிரிச்சு வச்சுக்கும். ஆனா பேர் வைக்கிறதில்லை. நம்பர் மட்டும்தான்."

"பட்டப்பேரு நான் வைப்பேன்," என்றான் லாரன்ஸ். "தண்டட்டி, பால்காரர், பள்ளத்து பிரதர்னு. ஒரு சிக்கல் என்னன்னா சார், ரெண்டு பேர் கால் மாத்தாம ஒண்ணா நடந்தா மெஷினு குழம்பிடும். போன ஆகஸ்ட்டுல ஸ்கூல் பசங்க பரேடு போனாங்க. 'நடையாளர்: ஒருவர்'னு காட்டிச்சு. எடையைப் பாத்தா யானைக் கூட்டம். நான் ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணிட்டேன்."

திருமூர்த்தி மணியைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுல அந்தப் பொண்ணு நடந்த இடமும் நேரமும் கேமராவுல இருக்கு. அதே நேரம், அதே இடம் உங்க கேபிள்ல எடுங்க. அந்த நடை இன்னைக்கு மலையில எங்க கேக்குதுன்னு பாருங்க. மேலிடத்து அனுமதி வந்துக்கிட்டே இருக்கு. பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கோம்."

நாச்சிமுத்து வாசலில் ஒரு நொடி நின்றார். "வீட்டுல அவ அம்மாவும் இல்லைங்க. அக்கா ஊருல கோயில் நோம்பின்னு பொள்ளாச்சி போனவ, சேதி தெரிஞ்சும் திரும்பி வர மாட்டேங்கறா. வெறும் வீடுங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

இழுத்து இழுத்து அந்த இடது கால் வராந்தாவில் போவது கேபிள் இல்லாமலேயே கேட்டது.

*

கண்டுபிடிக்க மெஷினுக்கு ஒரு மடக்கு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது.

திரையில் மலை வரைபடம் விரிந்தது. தேவமலை எஸ்டேட். அதன் மேல் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசை. அங்கே ஒரு பச்சைப் புள்ளி துடித்தது.

"அட," என்றான் லாரன்ஸ். "நம்ம புதுப்பொண்ணு!"

அமுதவல்லிக்கும் ஞாபகம் வந்தது. மேல் லைனில் இப்போது யாரும் குடியில்லை. முந்தின மழைக்காலத்தில் மேட்டில் வெடிப்பு விட்டதும் எல்லோரையும் கீழ் லைனுக்கு இறக்கி, ஓட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் இல்லை, நடை இல்லை, ஆகவே மெஷினும் அந்த இடத்தில் செவிடு. சில நாளைக்கு முன்னால் திடீரென்று அங்கே இரண்டு நடைகள் கேட்டன. ஒன்று நின்றால் மற்றதும் நின்றது. லாரன்ஸ் உடனே புதுமாப்பிள்ளை, புதுப்பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டான்.

"நடை அப்படியே பொருந்துது. ஆனா எடை இடிக்குதே," என்றாள் அமுதவல்லி. "கேமராவுல பாத்த பொண்ணு ஒல்லி. இது ரொம்ப அழுத்தமா நடக்குது."

"அரிசி மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு நடக்குதோ என்னமோ. ஓடி வந்தவங்களுக்கு ஓட்டல்ல சாப்பாடா வரும்?" லாரன்ஸ் குரலைத் தாழ்த்தினான். "என்ன மேடம் பண்ணப் போறீங்க?"

"கிடைக்கலைன்னு சொல்லிடறேன்."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது. மூக்கு செவந்துரும்."

"ஜலதோஷம்னு சொல்லிக்கிறேன்."

முடிவெடுத்த நிம்மதியில் திரையை மூடக் கை நீட்டினாள். கை பாதியில் நின்றது. பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருந்தது. தாமதக் கோடு. அது நேற்று வரை படுத்துக் கிடந்தது. இன்று காலையிலிருந்து ஏணி மாதிரி நிமிர்ந்திருந்தது.

"லாரன்ஸ், இதைப் பாரு."

அவன் பார்த்தான். சோல்டரிங் கம்பியை அணைத்தான்.

மேல் லைனில் கால் வைத்தால் அந்தச் சத்தம் கேபிளுக்கு வந்து சேர வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்தது. மண் முழுக்க நீர். அந்த மேட்டுக்கு நேர் கீழே கீழ் லைன். வரிசை வரிசையாக வீடுகள், குழந்தைகள் காப்பகம், மாரியம்மன் கோயில்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அந்த ரெண்டு பேர் அங்க நடக்கலைன்னா நமக்கு இது தெரிஞ்சே இருக்காது."

"அப்ப சிவப்பைத் தட்டுங்க மேடம்!"

சிவப்பு பட்டன் அவள் கைக்கு அருகில்தான் இருந்தது. அதைத் தட்டினால் எச்சரிக்கை எல்லா இடத்துக்கும் போகும். கலெக்டர் அலுவலகம், தீயணைப்பு, போலீஸ். எந்த இடத்தில் கேட்ட நடையை வைத்துக் கணக்கிட்டது என்ற விவரத்தோடு போகும். பக்கத்து அறையில் திருமூர்த்தியின் செல்போன் கத்தும். ஆளில்லாத மேல் லைனில் யாருடைய கால் சத்தம் என்று கேட்க அவருக்கு இன்ஸ்பெக்டர் மூளை தேவையில்லை. டீக்கடையிலிருந்து தேவமலை கேட்டுக்கு ஜீப்பில் ஒரு பீடி நேரம். எஸ்டேட்டை விட்டு வெளியே வர அந்த ஒரே ரோடுதான்.

தட்டினால் அந்த இரண்டு பேர். தட்டாவிட்டால் எல்லோரும்.

இதற்கு இரண்டாம் யோசனை தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. இந்த மெஷினை மூன்று வருடம் பாடுபட்டு இவள்தான் மலைக்குக் கொண்டுவந்தாள். உயிரைக் காப்பாற்ற வைத்த காது. அதை வைத்து இரண்டு உயிரை ஜீப்பில் வந்தவர்களிடம் காட்டிக்கொடுக்கப் போகிறாள்.

"கால் மணி நேரம்," என்றாள். "எனக்குக் கால் மணி நேரம் வேணும். ஆனா ஜனங்க இப்பவே கிளம்பணும். செக்போஸ்ட்டுக்குப் போன் போடு, தேவமலை வளைவுக்கு எந்த பஸ்ஸையும் விட வேண்டாம்னு சொல்லு."

"என்ன காரணம் சொல்றது?"

"மரம் விழுந்திருக்குன்னு சொல்லு."

"எனக்கு மூக்கு செவக்காது," என்று போனை எடுத்தான் லாரன்ஸ்.

*

தங்கம்மாள் மேஸ்திரி மூன்றாவது ரிங்கில் போனை எடுத்தாள். தேவமலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. மையத்தோடு பேச எஸ்டேட் சார்பில் பெயர் கொடுத்திருந்தவளும் அவள்தான்.

"என்னா புள்ள, இந்த நேரத்துல?"

"அக்கா, சங்கை ஊதுங்க. எல்லாரையும் ரோட்டடி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க. உடனே."

"சங்கு ஊத மேனேஜர் தொரை சொல்லணும். தொரை கோயமுத்தூர்ல கெடக்காரு."

"மலை வருதுக்கா."

"அப்ப இன்னைக்கு நான்தான் தொரை."

"இன்னொண்ணு. மேல் லைன்ல ரெண்டு பேர் இருக்காங்க."

"யாரு சொன்னா? அங்க யாரும் இல்லியே." பதில் மிக வேகமாக வந்தது.

"அக்கா, எனக்குத் தெரியும். போலீஸ் இங்க பக்கத்து ரூம்ல இருக்கு. அந்தப் பொண்ணோட அப்பாவும்."

"அடியாத்தி. அப்ப மெல்லப் பேசு." தங்கம்மாளின் குரலும் தாழ்ந்தது. "ரெண்டு பேருன்னா சொல்லுது ஒங்க மெஷினு?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அப்புடியே இருக்கட்டும். யோகு என் தம்பி மவன் தாயீ. வேற எங்க போவான்?"

"அவங்களைக் கூட்டத்துக்குள்ள சேத்துடுங்க. மூஞ்சி தெரியக்கூடாது. ஆனா அதைவிட, கால் தெரியக்கூடாது. தனியா நடந்தா மெஷின் பிரிச்சுக் காட்டிடும். இங்க எல்லாரும் திரையைப் பாப்பாங்க."

"மூஞ்சிக்கென்ன, மழைக்கு எல்லாருந்தான் உரச்சாக்கைத் தலையோட மூடிக் கொங்காணி போட்டிருக்கோம். எம்புருசனே என்னைத் தேடுவான். காலுதானே?" தங்கம்மாள் யோசித்தாள். "இங்க பனி மூடிக் கெடக்கு. பக்கத்துல நிக்கிறவ மூக்கு தெரியல. இப்புடி நேரத்துல நாங்க தனித்தனியா நடக்க மாட்டோம். முன்னாடி போறவ தோளைப் பின்னாடி வர்றவ புடிச்சுக்குவா. நான் முன்னாடி 'வை, வை'ன்னு கத்துவேன். எல்லாக் காலும் ஒண்ணாத்தான் விழும். மாறி வச்சா வழுக்கி, வரிசையே சரிஞ்சு போயிரும். ஒனக்கு அது போதுமா?"

அமுதவல்லி கண்ணை மூடினாள். மூன்று வருடமாக, பல கால்களை ஒன்றாக எண்ணும் அந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான் அவள் அறிக்கை மேல் அறிக்கையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"போதும்க்கா. ரொம்பப் போதும்."

*

சங்கு அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் திரைக்குக் கேட்டது. தேவமலை முழுக்கப் புள்ளிகள் கிளம்பின. வீட்டிலிருந்து, தேயிலைச் சரிவிலிருந்து, காப்பகத்திலிருந்து. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் களத்தில் எல்லாம் வந்து குவிந்தன. மேல் லைனில் இரண்டு பச்சைப் புள்ளிகள் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றன.

"நகருங்கப்பா," என்றான் லாரன்ஸ். "நகரு ராசா. கொஞ்சறதுக்கு இதுவா நேரம்?"

நகர்ந்தன. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. புதுமாப்பிள்ளை முன்னால், புதுப்பொண்ணு பின்னால். செங்குத்தான படிக்கட்டில் ஓரிடத்தில் புதுப்பொண்ணின் நடை இரண்டாகச் சிதறியது போல் ஒரு கணம் காட்டியது. வழுக்கியிருப்பாள் என்று நினைத்தாள் அமுதவல்லி. உடனே ஒன்றாகிவிட்டது.

களத்தை அடைந்ததும் இரண்டு புள்ளிகளும் கூட்டத்தில் மறைந்தன. கொஞ்ச நேரம் திரை முழுக்க இரைச்சல். பிறகு இரைச்சல் ஒழுங்கானது. ஓர் அடி. ஓர் அடி. ஓர் அடி. நீளமான ஒரே அலை, ரோட்டை நோக்கி இறங்கத் தொடங்கியது.

மெஷின் கொஞ்சம் திணறிவிட்டு எழுதியது.

*நடையாளர்: ஒருவர்.*

அமுதவல்லி சிவப்பைத் தட்டினாள்.

பக்கத்து அறையில் செல்போன் அலறியது. நாற்காலிகள் நகர்ந்தன. திருமூர்த்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் நாச்சிமுத்து.

"தேவமலை மேல் லைனா? அங்க ஆளே கிடையாதே. யார் நடந்தாங்க அங்க?"

அவள் முகத்தைத் திரையை நோக்கியே வைத்திருந்தாள். மூக்கு சிவந்திருக்கும் என்று தெரியும்.

"அது எம்பொண்ணுங்களா?" நாச்சிமுத்து திரைக்கு வந்தார். முகம் கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் குனிந்தார். "இதுல எது அம்மிணி எம்பொண்ணு?"

"எதுன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அமுதவல்லி. அது மட்டும் சுத்தமான உண்மை. "இப்போ அங்க நடக்குறது ஒரே ஆள். நீங்களே பாருங்க."

திருமூர்த்தி படித்தார். லாரன்ஸைப் பார்த்தார். பரேடு கதை அவருக்கு மறக்கவில்லை. போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையை ரசிக்க ஆரம்பித்தார்.

அலையின் வால் கோயிலைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. தலை ரோட்டடி ஸ்கூலின் சுற்றுச்சுவரைத் தொட்டது.

அப்போது மலை வந்தது.

சத்தம் எதுவும் இல்லை. திரையின் மேல் பாதி வெள்ளையாகப் பொங்கியது. வெள்ளை கீழே இறங்கியது. மேல் லைன் கோடு நேராகப் படுத்தது. கீழ் லைன் கோடு படுத்தது. மாரியம்மன் கோயில் வாசலில் வெள்ளை நின்றது. கேபிள் அறுந்த இடத்தில் திரை கறுப்பாகிக் கிடந்தது. அதற்கப்புறம்தான் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். இடது கால் முன்னால் நீண்டு கிடந்தது.

"அவ அங்கதான் இருந்தா," என்றார். "இல்லைங்களா? அந்த மேட்டுல. நான் தேடறேன்னுதானே அங்க போய் ஒளிஞ்சா?"

அவர் அமுதவல்லியை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கன்னு கேக்க மாட்டேன் அம்மிணி. சாமி சத்தியமா. உசுரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க."

அந்த ஜீப்புகள் இன்னும் டீக்கடை வாசலில்தான் நின்றன. அமுதவல்லி அதைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த மனிதரைப் பார்த்தாள்.

"நடக்குறாங்க," என்றாள்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகுநேரம் கழித்து, "அந்தச் சத்தம் உங்ககிட்ட இருக்குங்களா? அவ நடந்த சத்தம். ஒருக்கா கேக்கணும்," என்றார்.

விதிப்படி கூடாது. லாரன்ஸ் விதியைக் கேட்காமல் ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டினான். நேற்றைய பதிவு. மேல் லைன், புதுப்பொண்ணு.

நாச்சிமுத்து கண்ணை மூடிக் கேட்டார். உதட்டில் ஏதோ வந்தது. "அவதான். குதிகாலை ஊனி ஊனித்தான் நடப்பா. சின்னதுல இருந்தே. மாடியில நடந்தா கீழே எனக்குத் தூக்கம் போயிரும்."

திடீரென்று கை ஹெட்போனை இறுக்கிப் பிடித்தது.

"இதுல ரெண்டு பேருங்க."

"இல்லைங்க, ஒருத்தர்தான்," என்றாள் அமுதவல்லி. "மெஷின்..."

"ரெண்டு பேருங்க. ஒண்ணு புள்ளை. இன்னொண்ணு..." நிறுத்தினார். மறுபடி கேட்டார். "இருபத்தாறு வருசமா எனக்குப் பின்னாலயே வந்த காலு. எனக்குத் தெரியாதுங்களா? இந்த நொண்டிக்காலனுக்காக ஒரு அடி நிதானிச்சு நிதானிச்சு, அந்த நடையே அவளுக்கு ஒட்டிக்கிச்சு. அம்மா நடையைப் பாத்துத்தான் புள்ளை நடக்கப் பழகுனதே." ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். "பொள்ளாச்சி நோம்பிக்குப் போறேன்னு சொன்னாளுங்க."

லாரன்ஸ் மெல்ல விசிலடித்தான். எடை இடித்தது ஏன் என்று இப்போது எல்லோருக்கும் புரிந்தது. தலையில் அரிசி மூட்டை எதுவும் இல்லை. பக்கத்தில் அம்மா இருந்தாள்.

'ரெண்டு பேருன்னா சொல்லுது' என்று தங்கம்மாள் போனில் ஏன் கேட்டாள் என்பதும் அமுதவல்லிக்குப் புரிந்தது.

நாச்சிமுத்து சுவரைப் பிடித்து எழுந்தார். ஜன்னலைத் திறந்தார். மழை உள்ளே அடித்தது. "டேய்! வண்டியத் திருப்புங்கடா. மண்டிக்குப் போங்க. லோடு எறக்க ஆளில்லாமக் கெடக்கும்!"

கீழேயிருந்து ஏதோ கேள்வி வந்தது.

"நான் வரலை. போங்கன்னா போங்கடா!"

*

அமுதவல்லி அவர் எதிரிலேயே தங்கம்மாளுக்குப் போன் போட்டாள். ஒரு மனிதர் ஜன்னலில் கத்தியதை மட்டும் நம்பி எதையும் செய்ய அவள் தயாராக இல்லை.

"அக்கா, அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க. அப்பா வரணும்ங்கறார். தனியா. வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான்."

மறுமுனையில் ஸ்கூல் வராந்தாவின் கூச்சல், குழந்தை அழுகை, யாரோ ரஸ்க் பாக்கெட்டுக்குச் சண்டை போடுவது. தங்கம்மாள் வருவதற்கு வெகுநேரம் பிடித்தது.

"வரட்டும்னு சொல்லுது. அவங்க அம்மா ஒண்ணும் சொல்லல, அழுவுது. நான் ஒண்ணு சொல்றேன், அந்தாளு காதுல விழற மாதிரி சொல்லு. நாங்க எஸ்டேட்டு மொத்தமும் இங்கதான் உக்காந்திருக்கோம். வீடு போச்சு, வேலையும் இல்ல, எல்லாருக்கும் கை சும்மாத்தான் இருக்கு. பாத்து வரச் சொல்லு."

"கேட்டுச்சுங்க," என்றார் நாச்சிமுத்து. இத்தனை நேரத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

திருமூர்த்தி தொப்பியை மாட்டினார். "நானும் கூடப் போறேன். கம்ப்ளெயிண்ட்டை மூடணுமே. காணாமப் போனவங்க யாருமில்லைன்னு ஆயிடுச்சு." கதவருகில் திரும்பினார். "மேடம், மேலிடத்து அனுமதி இன்னும் வரலை. வர்றதுக்குள்ள அந்த பஸ் ஸ்டாண்டு பதிவு, மேல் லைன் பதிவு..."

"கேபிள் அறுந்துல்ல சார் கிடக்கு," என்றான் லாரன்ஸ். "என்னென்ன அழிஞ்சிருக்கோ, யாருக்குத் தெரியும்?"

"அதான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

*

அன்று பிற்பகல் முழுக்க அமுதவல்லி ஒரே வேலையைத்தான் செய்தாள். நடைகளைப் பிரித்து வைக்கும் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு நாளும் முடிந்ததும் எல்லா நடையையும் அதுவே மறந்துவிடும்படி மாற்றினாள். அன்றன்று மண் எவ்வளவு நெகிழ்ந்தது என்ற கணக்கு மட்டும் ஞாபகம் இருந்தால், அடுத்த நாள் கணக்கோடு ஒப்பிட அது போதும். யார் நடந்து அது தெரிந்தது என்பது மலைக்குத் தேவையில்லை.

"பால்காரரையும் மறந்துருமா?" லாரன்ஸுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"நீ ஞாபகம் வச்சுக்கோ."

மழை விட்டிருந்தது. ரோட்டடி ஸ்கூல் பக்கக் கேபிள் அறுபடாமல் இருந்தது. திரையில் ஒற்றை நடை ஒன்று ரோட்டின் கடைசி ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வலது அழுத்தம், இடது இழுவை. பின்னால் வெகுதூரம் தள்ளி பூட்ஸ் நடை ஒன்று, தெரிந்தே மெதுவாக வந்தது.

இழுவை நடை ஸ்கூல் கேட்டருகே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

லாரன்ஸ் டீ தம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றான்.

உள்ளேயிருந்து நடைகள் வந்தன. குதிகாலை ஊனும் நடை. அதோடு ஒட்டி இன்னொன்று. கொஞ்சம் பின்தங்கித் தயங்கித் தயங்கி ஒரு புதுமாப்பிள்ளை. கேட்டருகே எல்லாம் நின்றன. மண்ணுக்குப் பேச்சு கேட்காது. அங்கே யார் என்ன பேசினார்கள், யார் முதலில் அழுதார்கள் என்று கேபிள் சொல்லவில்லை.

பிறகு நடக்க ஆரம்பித்தார்கள். முதலில் தாறுமாறாக, ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டு. இழுவைக் கால் ஓர் அடி வைக்க, மற்ற கால்கள் ஓர் அடி நிதானித்தன. இன்னும் ஓர் அடி. இன்னும் ஓர் அடி.

மெஷின் யோசித்து எழுதியது.

*நடையாளர்: ஒருவர்.*

"மறுபடி தப்பா எண்ணுது மேடம்," என்றான் லாரன்ஸ். "இதையும் இன்னைக்கே சரி பண்ணிடலாமா?"

அமுதவல்லி அவன் கையிலிருந்து டீயை வாங்கிக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்."